எழுந்தவருக்குக் கூலி என்ன?

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா எடுத்துக்கொண்ட நேரம் 55.42 விநாடி; வெண்கலம் வென்ற ருமேனிய வீராங்கனைக்கு 55.41. அடுத்த ஆண்டே ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் உஷா ஐந்து தங்கம் வென்றார். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு. பொறுத்தார் பூமியாள்வார் என்று இங்கேயே கதையை முடித்துவிடுவது நம் வழக்கம். ஆனால் 1988 ஒலிம்பிக்கில் காயத்தோடு ஓடி முதல் சுற்றிலேயே வெளியேறினார். ஒலிம்பிக் பதக்கம் கடைசிவரை கிடைக்கவில்லை. எழுந்தால் வெற்றி நிச்சயம் என்பது மேடைப் பேச்சு, அவ்வளவுதான்.

வள்ளுவர் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. துன்பத்தில் மனம் தளராமையைச் சொல்லும் 'இடுக்கண் அழியாமை' அதிகாரத்தைத் துறவறவியலில் வைக்காமல், பொருட்பாலில் முயற்சியைச் சொல்லும் 'ஆள்வினை உடைமை'க்கு அடுத்து வைத்தார். முயல்கிறவனுக்குத்தானே அடி விழும்! இன்பத்தை விழையாதவன் துன்பப்படுவதில்லை என்றும் அங்கே சொல்கிறாரே, அது துறவில்லையா என்று கேட்கலாம். இன்பத்தின் மேல் உள்ள பிடியைத்தான் விடச் சொல்கிறார், வேலையை அல்ல. ஊழைவிட வலியது இல்லை என்றவரும் அவர்தானே என்பது இன்னும் கனமான கேள்வி. ஊழ் முடிவைத் தீர்மானிக்கலாம். மறுநாள் காலை மைதானத்துக்குப் போவதா என்பதை ஓடுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். தோற்றவர் அழுவதில் தவறே இல்லை, மறுநாள் மைதானத்துக்குப் போகும் தீர்மானத்தை அழுகை கெடுப்பதில்லை. ஆகவே, தேர்வில் தோற்ற பிள்ளையிடம் அடுத்த முறை ஜெயித்துவிடுவாய் என்று உறுதி கொடுக்காதீர்கள். நாளைக்கு எந்தப் பாடத்தை எடுக்கலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.