பங்காளிச் சொத்து

'குடும்பத்தில் இருக்கிறது' என்று டாக்டர் சொன்னால் நம் காதில் 'விதி' என்று விழுகிறது. இரண்டும் ஒன்றல்ல. ஒன்றென்று கொள்வதில் நமக்கொரு சௌகரியம் இருக்கிறது. அது என்னவென்று பார்க்க வேண்டும்.

வயிற்று மகாதமனியில் வரும் அனியூரிஸத்தை எடுத்துக்கொள்வோம். இதயத்திலிருந்து இறங்கும் பெருங்குழாயின் சுவரில் நார்கள் நைந்து, ரத்த அழுத்தத்தில் அது மெல்லப் புடைக்கிறது. 3 சென்டிமீட்டரை எட்டினால் அனியூரிஸம், ஆண்களுக்கு 5.5ஐ எட்டினால் அறுவையைப் பற்றிப் பேசுவார்கள். பெரும்பாலும் வலியில்லை. வெடித்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை.

ஸ்வீடனில் இரட்டையர்களை ஆராய்ந்து 2010ல் வெளியான கணக்கு, இந்நோயில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 70 சதவீதத்தைப் பரம்பரைக்குத் தந்தது. 2023ல் இதோடு தொடர்புள்ள 121 மரபணு இடங்களைக் கண்டார்கள். இத்தனை இடங்கள் இருக்கையில் ஒரு ஜீனைக் குற்றவாளிக் கூண்டிலேற்ற முடியாது. 70 என்பதும் ஜனத்தொகையைப் பற்றிய எண். ஒருவனுடைய சாவில் எழுபது பங்கு பாட்டனுடையது என்று அதற்கு அர்த்தமில்லை. புகை பிடிப்பவனுக்கு ஆபத்து பல மடங்கு. ஊழுக்கும் ஆள்வினையுடைமைக்கும் ஒரே நூலில் அதிகாரம் வகுத்த வள்ளுவருக்கு இது முரணாகப் பட்டிருக்காது.

ஆகவே நோயின் காரணத்தில் அறத்தைத் தேடுவது வீண். யாரும் தன் தமனியைத் தேர்ந்தெடுக்கவில்லை. தெரிந்தவன் சொல்லுகிறானா என்பதில்தான் அறப் பிரச்னை தொடங்குகிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்தால் ஒருவனுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. அண்ணன் வயிற்றில் கண்டது தம்பியைப் பற்றிய செய்தியும்தான். டாக்டர் தம்பியைத் தேடிப் போவதில்லை. அண்ணன் சொல்லலாம். 'பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம்' என்று அவனும் சொல்லுவதில்லை.

ஆலத்தியூர்ப் பக்கம், சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் தரும் பூமியில், பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒரு பங்காளியின் பெயரை விட்டுவிட்டால் அது மோசடி. ரத்தக்குழாயில் இறங்கிய பங்கை மறைத்தால் மட்டும் அது பெருந்தன்மை: 'அவனை எதற்குப் பயமுறுத்துவது?' பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் 1989ல்தான் சட்டமாயிற்று. தமனி அதற்குக் காத்திருக்கவில்லை. கட்டிக்கொடுத்த தங்கை வழியாகவும் அது இறங்கும். சொல்ல வேண்டியவர்களை எண்ணும்போது அவள் நினைவுக்கே வருவதில்லை.

தெரியாமலிருக்கும் உரிமை என்றொரு மறுப்பு உண்டு. வலுவானது. 4 சென்டிமீட்டர் புடைப்பு வளராமல் நிறுத்த இன்னும் நிரூபணமான மருந்தில்லை. ஸ்கேன் எடுத்துக் காத்திருக்க வேண்டும். அறிவு அங்கே வெறும் பயமாக மிஞ்சலாம். ஐன்ஸ்டீனின் அனியூரிஸத்தை 1948ல் ருடால்ஃப் நிஸ்ஸன் செல்லோஃபேனால் சுற்றினார். 1955 ஏப்ரலில் அது கசிந்தபோது ஐன்ஸ்டீன் மறு அறுவையை மறுத்து இறந்தார். அது அறிந்தவரின் மறுப்பு. சொல்லப்படாத தம்பிக்கு மறுக்கவும் வழியில்லை. அவன் சார்பில் அண்ணனின் மௌனமே மறுத்துவிடுகிறது.

தெரியாமலிருக்கும் உரிமையையும் கேட்டுத்தான் கொடுக்க முடியும். "தம்பி, எனக்கு ஒரு வியாதின்னு டாக்டர் சொல்றார். உன்னையும் சேர்ந்த விஷயம். சொல்லட்டுமா?" அவன் வேண்டாமென்றால் விட்டுவிடலாம். கேட்காமலே விட்டுவிட்டு, பின்னால் அதற்கு விதியென்று பெயர் வைக்கக்கூடாது.