சுண்ணக்கல்லும் அயற்கிணறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறில்லை. மாரிமழை சுண்ணக்கல்லின் வெடிப்புக்களினூடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய்த் தங்கி நிற்ப, அதனையே நாம் கிணறுகளில் இறைத்து உண்கின்றோம்.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 முதல் 1990 வரை அக்கல்லையே அகழ்ந்தெடுத்தது. சீமெந்து வேண்டாவென்று நாம் கூறோம். நம் கோயின்மதில்களும் அதனாலன்றோ எழுந்தன! ஆயினும், அறுத்த வயல் மறுபோகம் விளையும். அகழ்ந்த கல் மீள முளையாது. வரம்பின்றி ஆழ அகழின் உவர்நீர் புகும். கல் விற்றவன் கிணறு மட்டுமோ கெடும்? நிலத்திற்கு உறுதியுண்டு, வேலியுண்டு. கீழுள்ள நீருக்கு வேலியேது?

கோயிற்சொத்தைக் கவர்தல் சிவத்துரோகமென்று அஞ்சும் நாம், சிவபெருமான் தலைமுறைதோறும் வைத்த இக்கல்லை ஒரு தலைமுறையே உண்டு தீர்க்க அஞ்சாமை என்னையோ? இனி அகழப் புகுவோர் எவ்வளவு, எவ்வாழம், எவர் பயனுக்கு என்பதை அயற்கிணற்றாரையும் கேட்டே துணிதல் வேண்டும்.