உடம்பு வெறும் சட்டையா?

கிழிந்த சட்டையைக் கழற்றிப் புதியதை மாட்டுவது போல ஆன்மா உடம்பு மாறுகிறது என்று கீதைச் சொற்பொழிவுகளில் கேட்டு வளர்ந்தவன் நான். கல்லூரி ஒன்றில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தபிறகு அந்த உவமை எனக்கு ஒட்டவில்லை.

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் ஓடிய பழைய சர்வரிலிருந்து டெபியன் லினக்ஸ் போட்ட புதிய சர்வருக்கு எல்லாருடைய கணக்கையும் மாற்றினோம். மறுநாள் தமிழ்த்துறைப் பேராசிரியர் போன் செய்தார். "தம்பி, பாஸ்வேர்டு சரியாத்தான் அடிக்கிறேன், அனுமதி இல்லைங்குது."

சரியாகத்தான் அடித்திருந்தார். இவருடைய ஷெல், அதாவது உள்ளே வந்தவரின் கட்டளைகளை வாங்கிச் செய்யும் நிரல், இந்தச் சர்வரில் இல்லை, அதனால் விடவில்லை என்றது லாக். அவருடையது பேஷ் என்ற ஷெல். ஃப்ரீபிஎஸ்டியில் அது தனியாக நிறுவிக்கொள்ளும் மென்பொருள். 'லோக்கல்' அடைவுக்குள் போய் உட்காரும். டெபியனில் அது 'பின்' அடைவிலேயே இருக்கிறது. பாஸ்வேர்டு கோப்பில் ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு 7 புலங்கள். கடைசிப் புலமான ஷெல் பழைய முகவரியையே சொல்லிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வருபவரைச் சோதித்து உள்ளே விடும் எஸ்எஸ்எச் இதை வெளியே சொல்லாது. பாஸ்வேர்டு தப்பாகப் போட்டவனுக்கு என்ன பதிலோ அதேதான் இவருக்கும்.

ஆக, நான் நான்தான் என்று நிரூபித்தாலும் உள்ளே போக முடியாது. சைவ சித்தாந்தம் இதை அறியும். கேவல நிலையில் உயிர் இருக்கிறது, ஆனால் எதையும் அறியாது, எதையும் செய்யாது. தனு (உடம்பு), கரணம் (கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்வு) ஆகியவற்றை இறைவன் கொடுத்தால்தான் அதற்கு இயக்கம். இங்கே கொடுக்க வேண்டியவன் நான். ஒரு வரிக் கட்டளையில் ஷெல்லைத் திருத்தினேன்.

உள்ளே போனவரால் தன் கோப்பையே திருத்த முடியவில்லை. ஒரு கோப்பு யாருடையது என்பதை லினக்ஸ் பெயரால் குறித்து வைப்பதில்லை, எண்ணால்தான். பழைய சர்வரில் அவர் 1001. புதியதில் அந்த எண் ஓர் ஆய்வு மாணவருக்கு ஏற்கெனவே போயிருந்தது. எண்களை மாற்றாமல் நகலெடுத்ததால் பேராசிரியரின் கட்டுரைகள் மொத்தமும் மாணவர் பெயரில் நின்றன.

"மூலன் கதைதான்" என்று சிரித்தார் அவர். சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்துபோக, கதறும் பசுக்களைப் பார்த்து இரங்கிய யோகி ஒருவர் அவன் உடலில் புகுந்தார் என்கிறது பெரியபுராணம். மாலையில் மூலனின் மனைவி வீட்டுக்கு அழைத்தாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகிவிட்டார். ஊர்ப் பெரியவர்களும் அவர் நிலையை உணர்ந்து அவளைத்தான் தேற்றி அனுப்பினார்கள்.

லினக்ஸ் விசாரித்திருந்தால் வழக்கில் அவள்தான் ஜெயித்திருப்பாள். எனக்கும் அவள் கேட்டது தப்பாகப் படவில்லை. அதே முகம், அதே கை, அதே மாடுகள். சட்டை என்றால் இத்தனை பாத்தியதை அதோடு கூட வருமா? உள்ளே இருப்பவர் யோகியாகவே இருக்கட்டும். அவர் ஏறிக்கொண்ட உடம்பின் பேரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது.

பேராசிரியர் ஒப்பவில்லை. யோகி திரும்பிப் போய்த் தேடியபோது அவருடைய பழைய உடல் அங்கே இல்லை; சிவன் மறைத்துவிட்டார், யோகி மூலன் உடலிலேயே தங்கிப் பாடியதால்தான் தமிழுக்குத் திருமந்திரம் கிடைத்தது என்றார். "நீங்களும் பழைய சர்வரை அணைச்சிடுங்க தம்பி."

இன்னும் அணைக்கவில்லை. வேறு இரண்டு துறைகளுக்காகக் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகள் அதில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.