பாறுகள் யாருக்காக வாழ வேண்டும்?

வலியில் துடிக்கும் கிழட்டு மாட்டுக்கு ஊசி போடுவது இரக்கம்தான். 1990களில் டைக்ளோஃபினாக் என்னும் வலிநிவாரணி இந்தியத் தொழுவங்களுக்குள் நுழைந்தது அந்த இரக்கத்தின் வழியாகத்தான். விலை மலிவு, படுத்த மாடு எழுந்து நிற்கும். பிழைக்காத மாட்டை வழக்கம்போல ஊருக்கு வெளியே போட்டார்கள். அதைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகங்கள் சில நாட்களில் செயலிழந்தன. செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தால், உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு அடித்தாற்போல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. இந்த மருந்துதான் காரணம் என்பதைப் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் நிறுவியது. 2007இல் எண்ணிப் பார்த்தபோது, 1990களின் தொடக்கத்தில் இந்தியாவில் இருந்த வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இதில் கொலை நோக்கம் யாருக்கும் இல்லை. கண்ணெதிரே நிற்கும் ஓர் உயிரின் மேல் காட்டிய பரிவு, கண்ணுக்கு எட்டாத ஓர் இனத்தையே அழித்தது. நம் அறவுணர்வு முகம் தெரிந்த உயிரோடு நின்றுவிடுகிறது என்பதுதான் இங்கே உறுத்துகிறது.

பாறுகளுக்காகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மனிதனைச் சொல்லித்தான் பேசுகிறார்கள். பாறு இல்லாவிட்டால் பிணங்கள் அழுகும், தெருநாய்கள் பெருகும், வெறிநாய்க்கடி கூடும். 2024இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு, 2000 முதல் 2005 வரை பாறுகளின் வீழ்ச்சியால் இந்தியாவில் ஏறத்தாழ ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்று மதிப்பிட்டது. இந்த வாதத்தை இளக்காரமாகப் பார்க்கக் கூடாது. நாய் கடித்த பிள்ளையின் உயிரும் உயிர்தானே. கோப்புகளை நகர்த்துவதும் இத்தகைய கணக்குகள்தான்.

ஆனால் நாளையே மாவட்டம்தோறும் பிணம் எரிக்கும் உலை வந்து, நாய்களுக்கெல்லாம் தடுப்பூசியும் போட்டாகிவிட்டால்? பயனை மட்டும் வைத்து எடைபோடுகிறவரிடம் அப்போது பாறுக்காகச் சொல்ல ஒன்றும் இருக்காது. மாயாற்றங்கரையின் நீர்மத்தி மரத்தில் கூடு கட்டி, ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிட்டு, ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும் பறவை நமக்கு வேலைக்காரன் அல்ல. மனிதன் மாடு வளர்க்கத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே அதற்கு வானமும் இரையும் இருந்தன. நமக்குப் பயன்படாத நாளிலும் அதற்கு வாழும் உரிமை உண்டு.

இப்படிச் சொல்லும்போது ஓர் ஆபத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காடு என்னும் முழுமையே பெரிது என்று வைத்துவிட்டால், அதற்குள் இருக்கும் எளிய மனிதர் எண்ணிக்கையாகச் சுருங்கிவிடுவார். காப்பகங்களின் பெயரால் ஊரை விட்டுப் பெயர்க்கப்பட்ட பழங்குடிகள் இந்நாட்டில் ஏராளம். இயற்கையின் உரிமைக்கு யார் விலை கொடுக்கிறார் என்று கேட்காத அறம் கொடுமையாகவே முடியும்.

பாறு விஷயத்தில் அந்த விலை உண்மையில் சிறியது. மெலாக்சிகாம் என்னும் மாற்று மருந்து மாட்டின் வலியையும் தணிக்கும், பாறுக்கும் கேடில்லை. கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் 2006இல் தடைசெய்யப்பட்டது. பிறகும் மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள்; அதனால் 2015இல் குப்பியின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. மாட்டின் உடலுக்குள் போய் டைக்ளோஃபினாக்காகவே மாறும் அசிக்ளோஃபினாக்கோ 2023 வரை தடையின்றி விற்றது. இங்கே மனிதனின் வாழ்வா பாறின் வாழ்வா என்ற போட்டியே இல்லை. விற்பவரின் வசதிக்கும் ஓர் இனத்தின் இருப்புக்கும் இடையே தேர்வு செய்ய இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

கடினமான இடம் வேறு. காட்டோரம் சிறுத்தை அடித்த பசுவின் உடலில், ஆத்திரம் தாங்காமல் விஷம் தடவுகிறவர் உண்டு. சிறுத்தைக்கு வைத்ததைத் தின்று பாறுகள் கூட்டமாகச் சாகும். செய்தது குற்றம்தான். ஆனால் குடும்பத்தின் ஒரே பசுவைப் பறிகொடுத்தவர் இழப்பீட்டுக்காக மாதக்கணக்கில் அலுவலகப் படியேற வேண்டுமென்றால், அந்தச் சாவுகளில் தாமதித்தவர்களுக்கும் பங்கு உண்டு. பாறுகள் வாழ வேண்டும் என்று விரும்பும் சமூகம் அந்தப் பணத்தை அதே வாரத்தில் அவர் கையில் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது.