தண்ணீர் கூடினால் வருமானம் நிற்கும் ஊர்

மேட்டூர் அணை நிரம்பினால் டெல்டா மாவட்டங்களில் முகங்கள் மலர்ந்துவிடும். 2018 ஜூலை 23-ஆம் தேதியும், 2024 ஜூலை 30-ஆம் தேதியும் அணையின் நீர்மட்டம் முழு உயரமான 120 அடியைத் தொட்டபோது, சம்பாவுக்கு இனி கவலையில்லை என்று பேச்சு எழுந்தது. அதே நாட்களில், அந்தத் தண்ணீர் மேட்டூருக்குப் போகும் வழியில் கடந்துவரும் ஒகேனக்கல்லில் பரிசல்கள் கரையேற்றிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. நீர்வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டிவிட்டதால் அருவியில் குளிக்கத் தடை, பரிசல் ஓட்டத் தடை. ஒரே வெள்ளம் தஞ்சாவூரில் நாற்றங்காலை நினைவூட்டியது. ஒகேனக்கல்லில் வட்டிக் கடனை நினைவூட்டியது.

பணத்துக்கும் மனநிறைவுக்கும் என்ன தொடர்பு என்ற பழைய கேள்வியை இந்த ஊரில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. இங்கே வருமானம் என்பது தொகை மட்டுமல்ல. நாளை வருமா வராதா என்பதும் சேர்ந்ததுதான் வருமானம்.

குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழை கிருஷ்ணராஜ சாகரையும் கபினியையும் நிரப்புகிறது. அங்கிருந்து திறந்துவிடும் தண்ணீர் எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் அளக்கப்படுகிறது. அந்த அளவு கூடக்கூட ஒகேனக்கல்லின் பிழைப்பு குறைகிறது. பரிசல் ஓட்டுகிறவர்கள், சுற்றுலாப் பயணிகளுக்கு எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்கிறவர்கள், வாங்கிக் கொடுக்கும் மீனைக் குழம்பாகவும் வறுவலாகவும் சமைத்துத் தரும் பெண்கள், ஆற்றில் வலை வீசுகிறவர்கள், எண்ணெய்ப் பாக்கெட்டும் துண்டும் விற்கிறவர்கள் என எல்லோருடைய அடுப்பும் அந்த ஒரு எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. கூட்டம் அலைமோத வேண்டிய ஆடிப்பெருக்கும் வெள்ளம் வரும் இதே பருவத்தில்தான் வருகிறது. கோடையில் ஆறு இளைத்தால் அருவி இருந்த இடத்தில் பாறை தெரியும், அதுவும் நஷ்டம்தான். 2020 மார்ச் மாத ஊரடங்கில் ஆறு சாதுவாக ஓடியும் பார்க்க ஆளில்லை.

வார இறுதியில் பெங்களூரிலிருந்து கார்கள் வருகின்றன. மூங்கில் பிளாச்சுகளால் பின்னி, அடியில் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் பூசிய அந்த வட்டப் படகில், பாறை இடுக்குகளுக்கு நடுவே சுற்றிச் சுழன்று போகும்போது, மாதச் சம்பளக்காரருக்கு ஒரு நெகிழ்ச்சி வரும். ‘பணங்காசு இல்லாவிட்டாலும் இவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். நமக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை’ என்று தோன்றும். நல்ல மனதோடு எழும் எண்ணம்தான். ஆனால் தவறு. துடுப்புப் போடுகிறவர் சிரித்துப் பேசுவது உண்மை. அந்தச் சிரிப்பைச் சாட்சியாக வைத்து அவருடைய வாழ்க்கை முழுவதற்கும் தீர்ப்பு எழுத யாருக்கும் உரிமையில்லை.

ஆராய்ச்சியாளர்களும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வெகுகாலம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாடு பல ஆண்டுகளாகப் பணக்கார நாடாகிக்கொண்டே போனாலும் மக்களின் மகிழ்ச்சி அதே வேகத்தில் கூடுவதில்லை என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974-இல் எழுதினார். 2010-இல் டேனியல் கானெமனும் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்கர்களின் பதில்களை ஆராய்ந்து, அன்றாட மகிழ்ச்சி ஆண்டுக்கு ஏறத்தாழ 75,000 டாலர் வருமானத்தோடு நின்றுவிடுகிறது என்றார்கள். ஆனால் ‘என் வாழ்க்கை எப்படி இருக்கிறது’ என்று கேட்டால் கிடைத்த மதிப்பெண் அதற்கு மேலும் ஏறிக்கொண்டுதான் போனது. உலகம் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது. பின்னர் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்பவர் செல்போன் செயலி வழியே மனநிலையைக் கேட்டறிந்து, அப்படியொரு உச்சவரம்பே இல்லை என்றார். 2023-இல் கானெமனும் அவரும் சேர்ந்தே கணக்கைச் சரிபார்த்தார்கள். பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடுகிறது, ஏற்கெனவே மனம் நொந்திருக்கும் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும்தான் ஓரளவுக்கு மேல் பணம் உதவுவதில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

எல்லாம் சரி. ஆனால் இந்தக் கணக்குகள் அனைத்தும் ஆண்டு வருமானத்தை வைத்துப் போட்டவை. ஒகேனக்கல்லில் ஒருவருடைய ஆண்டு வருமானத்தைக் கூட்டி 365-ஆல் வகுத்தால் வரும் எண், அவர் வாழ்ந்த எந்த நாளையும் காட்டாது. நல்ல ஞாயிற்றுக்கிழமையும் தடை விழுந்த வாரமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டதாகக் காகிதத்தில் தெரியும். வீட்டில் அப்படி ஈடாவதில்லை.

இதைத் துல்லியமாகப் பிடித்த ஆய்வு ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் அது நடத்தப்பட்டது. அதைச் செய்தவர்களில் ஒருவர் செந்தில் முல்லைநாதன். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியரானவர். கரும்புக்காரருக்கு வெட்டு முடிந்து ஆலைப் பணம் வரும்போது கை நிறையும். அடுத்த வெட்டு வருவதற்குள் வறண்டுவிடும். ஆக, ஒரே மனிதர் ஒரே ஆண்டில் ஏழையாகவும் இருக்கிறார், வசதியாகவும் இருக்கிறார். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட வேண்டியதில்லை. அவரை அவரோடே ஒப்பிடலாம். ஆலைகள் ஊர் ஊராக முறை வைத்து வெட்டச் சொல்வதால் எல்லா ஊரிலும் ஒரே மாதத்தில் அறுவடை நடப்பதில்லை. எனவே மழைக்காலம், திருவிழா போன்றவற்றின் விளைவையும் தனியே பிரிக்க முடிந்தது.

வெட்டுக்கு முன் அவர்களில் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் அது 4 சதவீதமாகக் குறைந்தது. இரு காலத்திலும் அவர்களுக்குச் சில சோதனைகள் வைத்தார்கள்: வரிசையில் விடுபட்ட உருவத்தைக் கண்டுபிடிப்பது, கவனம் சிதறாமல் விரைந்து பதில் சொல்வது போன்றவை. பணமில்லாத மாதங்களில் அதே விவசாயிகள் மெதுவாகவும் தவறாகவும் செய்தார்கள். பணம் வந்த பிறகு தெளிவாகச் செய்தார்கள். உணவும் உடலுழைப்பும் மட்டும் இந்த வித்தியாசத்துக்குக் காரணமல்ல என்பதையும் பார்த்தார்கள். அடகுச் சீட்டின் தவணைத் தேதி, பள்ளிக் கட்டணம், கடைக்காரர் முகம் என்று பல கவலைகள் மூளையின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மற்றவற்றை யோசிக்க இடம் மிஞ்சுவதில்லை. 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் இந்த முடிவுகள் வெளிவந்தன.

ஏழைகள் யோசிக்காமல் செலவு செய்கிறார்கள், திட்டமிடத் தெரியாதவர்கள் என்று திண்ணையிலிருந்து தொலைக்காட்சி வரை சொல்லப்படும் வசைக்கு இதைவிட நேரடியான மறுப்பு வேண்டியதில்லை. மூளை அதேதான், மனிதரும் அவரேதான். மாறியது கையிருப்பு மட்டும்.

ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வும் இதே திசையில் போகிறது. சேர வேண்டிய கூலியில் ஒரு பகுதியைச் சிலருக்கு முன்கூட்டியே கொடுத்தார்கள். கூலி கூடவில்லை, நாள் மட்டும் முன்னே வந்தது. அவர்கள் தைத்த தட்டுகள் ஏறத்தாழ 7 சதவீதம் கூடின. வேலையில் நேரும் பிழைகளும் குறைந்தன.

கல்கத்தாவின் சேரிகளிலும் நடைபாதைகளிலும் வாழ்ந்தவர்களிடம் ராபர்ட் பிஸ்வாஸ்-டீனரும் எட் டீனரும் நடத்திய 2001-ஆம் ஆண்டு ஆய்வு, எதிர்பார்த்ததைவிட அவர்கள் மனநிறைவோடு இருந்ததைக் காட்டியது. குடும்பம், நட்பு, தங்கள் குணம் ஆகியவற்றைப் பற்றி நல்லபடியாகவே சொன்னார்கள். இந்த முடிவை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். மொத்த வாழ்க்கைக்கு அவர்கள் தந்த மதிப்பெண், நடுநிலைக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது; அதே நகரத்தின் நடுத்தர வர்க்க மாணவர்களைவிடக் குறைவு. உறவு தாங்குகிறது என்பது உண்மை. உறவு இருப்பதால் பணம் வேண்டாம் என்று அவர்களில் யாரும் சொன்னதாக அந்த ஆய்வில் இல்லை.

திருக்குறளில் பொருள் செயல்வகைக்கு ஓர் அதிகாரம், நல்குரவுக்கு ஓர் அதிகாரம் என்று இரண்டும் இருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். வறுமையைப் புனிதமாக்கும் வேலையை அந்த நூல் செய்யவில்லை.

இன்னொன்றையும் ஒகேனக்கல் இருக்கும் தர்மபுரி மாவட்டம் சொல்லித் தருகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அளவுக்கு மீறி இருந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் உள்ள தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லில் கறை ஏறும். அளவு கூடி, காலமும் நீண்டால் எலும்பும் மூட்டும் விறைத்துப்போகும். எந்தக் குடும்பமும் எவ்வளவு உழைத்துச் சம்பாதித்தாலும் தன் கிணற்று நீரைத் தானே மாற்றிக்கொள்ள முடியாது. ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் திட்டமிட்டு, 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2013-இல் தொடங்கிவைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அந்த மாற்றத்துக்காகவே வந்தது. மகிழ்ச்சி ஆய்வுகளில் தனி வருமானத்துக்குத் தரும் இடம் இத்தகைய பொதுச் செல்வத்துக்குக் கிடைப்பதில்லை. கைப்பணம் பெருகாமலே வாழ்க்கை மேம்பட இப்படியும் வழி இருக்கிறது. குழாயில் வரும் நல்ல தண்ணீருக்கு யாரும் அடகுக்கடைக்குப் போக வேண்டியதில்லை.

2003-இல் வந்த தமிழ்நாடு மனித மேம்பாட்டு அறிக்கையில் தர்மபுரி கடைசி இடத்தில் இருந்தது. அதே தர்மபுரியில்தான் 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, மாநிலத்தின் மகளிர் சுய உதவிக் குழு முயற்சி தொடங்கியது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கும் முகாமும் 2023 ஜூலையில் இந்த மாவட்டத்துத் தொப்பூரில்தான் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் பெரிய தொகையல்ல என்று சொல்கிறவர்கள், அதன் அளவை மட்டும் பார்க்கிறார்கள். பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி ஓடினாலும் அது மாதம் தவறாமல் வரும். வேறெதுவும் தவறாமல் வராத வீட்டில் அதற்குக் கூடுதல் எடை உண்டு.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு நிவாரணத் தொகை உண்டு, தேதியும் முன்கூட்டியே தெரியும். பரிசல் தடைக்கு அப்படித் தேதி கிடையாது. வெள்ளம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். சவாரிக் கட்டணத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, அரசும் தன் பங்கைச் சேர்த்து, தடை அறிவித்த மறுநாளிலிருந்தே நாட்கூலியாகத் தரும் நிதி ஒன்றை ஏற்படுத்தலாம். பரிசல்காரர்களை மட்டுமல்ல, மசாஜ் செய்கிறவர்களையும் மீன் சமைக்கும் பெண்களையும் அதில் சேர்க்க வேண்டும். சிறுகச் சேர்க்கவும், கணக்கு எழுதவும், கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் பழகிய குழுப் பெண்கள் இந்த மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறார்கள். அவர்களிடம் பொறுப்பைக் கொடுத்தால், அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே இதைத் தொடங்கிவிட முடியும்.