உழைச்செல்வான்

மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் உண்டு என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் வகுத்தார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றையும் எந்நாட்டவரும் எளிதில் எண்ணிவிடுவர். நான்காவதாக அவர் வைத்தவரே உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் இருந்து வேளை தவறாமல் மருந்து கொடுப்பவர் என்பது பொருள். இன்று நலத்தொண்டர் என்று நாம் அழைப்போர் இவர் மரபினரே.

பக்கத்தில் இருப்பதே இப்பணியின் இலக்கணம் எனில், என்றேனும் ஒருநாள் புறப்பட்டுப் போக வேண்டிய அயலவர் அதை மேற்கொள்வது அறமாகுமா? கடல் கடந்து வாழும் நாம், பிறந்த ஊருக்கு உதவக் கை நீட்டும்போதெல்லாம் இவ்வினா நம்மை எதிர்கொள்கிறது.

நாகலாபுரத்தை எண்ணிப் பார்ப்போம். கிருஷ்ணதேவராயர் தம் தாயின் பெயரால் அமைத்த ஊர் என்று போற்றப்படுவது. 1960ஆம் ஆண்டின் எல்லைச் சீரமைப்பில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைய, இவ்வூர் ஆந்திர எல்லைக்குள் அமைந்தது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022இல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் தெலுங்குமாக வாழ்வோர் இவ்வெல்லைப் பகுதியில் பலர். மாநில எல்லை மாறலாம். வயிற்றுவலியை மனிதன் தாய்மொழியில்தான் சொல்லுகிறான்.

பழைய சித்தூர் மாவட்டத்திலேயே, மதனப்பள்ளிக்கு அருகில், ஆரோக்கியவரம் என்ற இடத்தில் 1915இல் காசநோய் மருத்துவமனை ஒன்று எழுந்தது. அதை முன்னின்று நடத்தியவர் டென்மார்க் நாட்டு மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரிமொட்-மோலர். அயலவரே; ஆயினும் வந்து பார்த்துச் சென்றவர் அல்லர், ஆண்டுக்கணக்கில் தங்கியவர். நோயாளி வீட்டைத் துறந்து மாதக்கணக்கில் அங்கே கிடக்க வேண்டியிருந்த காலம் அது.

1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு அம்முறையையே மாற்றியது. நெருக்கடியான ஏழை வீட்டில் இருந்தபடி மருந்துண்டவரும், மருத்துவமனையில் தங்கியவருக்கு ஏறத்தாழ ஈடாகவே குணமடைந்தனர் என 1959இல் உலகுக்கு அறிவித்தனர். ஆனால் வீட்டில் மருந்து பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. யாரேனும் வீட்டுப்படி ஏறி வந்து, மாத்திரையை எண்ணிப் பார்க்க வேண்டும். உடல் தேறியதென்று இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும். மருந்துக்கு அடங்காத வடிவிலும் திரும்பக்கூடும். இன்றைய முறையிலும் பொதுவாக 6 மாதம் தொடர வேண்டியிருக்கிறது.

தொண்டுக்கும் இந்நோய் உண்டு என்பது நம் எண்ணம். அமெரிக்கத் தொண்டர் அமைப்பான பீஸ் கோர் 1961 முதல் 1976 வரை இந்தியாவில் பணியாற்றியது. வந்த இளைஞர்களின் தவணை பொதுவாக இரண்டாண்டு. அவர்களை நாம் குறைகூற வேண்டியதில்லை. நம் கதை அதனினும் குறுகியது அன்றோ! மூன்று வார விடுமுறையில் ஊர் சென்று, பந்தலிட்டு, இலவச முகாம் நடத்தி, இரத்த அழுத்தத்துக்கு 30 நாள் மாத்திரை கொடுத்து, நிழற்படமும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறோம். அழுத்தமோ வாழ்நாள் முழுதும் உடனிருப்பது. 31ஆம் நாள் அந்த மூதாட்டி யாரிடம் போவார்?

2005இல் ஆஷா திட்டம் வந்தபோது, தொண்டர் அதே ஊரில் வாழும் பெண்ணாக இருக்க வேண்டும் என்றே விதித்தார்கள். சுமார் 1000 பேருக்கு ஒருவர். விதித்தவர்கள் பக்கத்தில் இருத்தலின் அருமையை அறிந்தவர்கள். நாம் அனுப்பும் பணம் பந்தலுக்குப் போகாமல், அத்தகைய பெண்ணின் கைக்கு எட்டும் மருந்துக்கும் அளவுகருவிக்கும் போனால், நாம் புறப்பட்ட பின்னும் பணி நிற்காது. பெயர்ப்பலகையில் நம் பெயர் இராது என்பது உண்மைதான். அது சிலருக்கு வருத்தமே.

இனி, நாம் குடியேறிய ஊரைப் பார்ப்போம். மகனோடு வாழ வந்த தாயார் மருத்துவர் எதிரே அமர்ந்திருக்கிறார். பத்து வயதுப் பேரன் மொழிபெயர்க்கிறான். பாட்டி தன் உடல்நிலையில் எதைச் சொல்லக் கூசுகிறாரோ, அதை அவன் வழியே சொல்ல முடியாது; அவர் பேசாமல் திரும்பி வருகிறார். இங்கே நாம் அயலவர் அல்லோம், புறப்படவும் போவதில்லை. விழாவுக்கு நூறு பேர் கூடும் சங்கத்தில், செவ்வாய்க்கிழமை காலைதோறும் அத்தாயாருடன் மருத்துவமனைக்குச் செல்ல எத்தனை பேர் பெயர் கொடுப்பார்கள்?