தட்டில் வைத்த பத்து ரூபாய்

தருமபுரியைக் கடந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையோர உணவகம் ஒன்றில் அண்மையில் உணவருந்தினோம். சோம்புத் தட்டில் பில்லை வைத்துக் கொணர்ந்தார் பரிமாறியவர். கைப்பேசி வழியே பணம் செலுத்தினோம். வெறுந்தட்டை எடுத்தவரின் முகம் வாடிற்று. வினவியபோது தயங்கிச் சொன்னார்: “கோவிச்சுக்காதீங்க சாமி. சம்பளம் வாடகைக்கே சரியாப் போகுது. மத்த செலவெல்லாம் இந்தத் தட்டுலதான். இப்ப எல்லாரும் போன்லயே கட்டிடறாங்க. கூடப் போட்டாலும் முதலாளி கணக்குக்குத்தான் போகுது.” பத்து ரூபாயை எடுத்து வைத்துவிட்டு, நல்லது செய்த நிறைவோடு புறப்பட்டோம். தொப்பூர்க் கணவாய் வருமுன்னே அந்நிறைவு கலைந்தது.

டிப்ஸ் எனப்படும் அவ்வன்பளிப்பு யாருக்கு உரியது? ஐ.டி.சி. நிறுவன விடுதிகளில் விருந்தினர் கடன் அட்டை வழியே அளித்ததை நிர்வாகம் பெற்று ஊழியர்க்குப் பகிர்ந்தளித்தது. அதுவும் சம்பளமே; வரி பிடித்தம் செய்திருக்க வேண்டும் என்றது வருமான வரித்துறை. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. அன்பளிப்பைத் தருபவர் விருந்தினர், முதலாளி அல்லர். அது ஊழியரின் வருமானமே ஆயினும் சம்பளமாகாது. முதலாளி அதைக் கைமாற்றித் தரும் பொறுப்பாளர் மட்டுமே என்று தீர்ப்பளித்தது.

வரி பற்றிய இத்தீர்ப்பில் அறமும் அடங்கியுள்ளது. அன்பளிப்பு சம்பளம் அன்று எனில், சம்பளத்தின் இடத்தை அது நிரப்பவும் கூடாது. அமெரிக்காவில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான அன்பளிப்புக்கு வருமான வரிச் சலுகை அளித்தது. ஆனால் அன்பளிப்பு மிகுதியாகப் பெறுவோர்க்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தாலே போதும் என்னும் கூட்டாட்சி விதி 1991 முதல் மாறவில்லை. வரி குறையலாம்; உழைப்பவரின் சோறு பிறர் தயவிலேயே தொங்குகிறது.

திராட்சைத் தோட்ட உவமையில் கடைசியில் வந்தோர்க்கும் முழுக்கூலி தந்த நிலக்கிழாரின் தாராளத்தை நாம் போற்றுகிறோம். முதலில் வந்தோர்க்குப் பேசிய கூலியில் அவர் ஒரு காசும் குறைக்கவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். நீதியின் மேல் எழுந்தது அவரது தாராளம். நீதிக்குப் பதிலாக வந்ததன்று. நீதிப்படி கொடுக்க வேண்டியதை அன்பின் கொடையெனக் காட்டலாகாது என்று, பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய ஏட்டில் 1965இலேயே நமக்கு உணர்த்தியது இரண்டாம் வத்திக்கான் சங்கம்.

உணவக முதலாளியைக் குறை கூறுதல் எளிது. நம் பங்கின் கோயில்பிள்ளைக்கு நாம் தரும் மாத ஊதியம் எவ்வளவு? திருமணத்திலும் திருமுழுக்கிலும் மக்கள் அவர் கையில் வைப்பதை எண்ணி, ‘அவருக்குத்தான் வேறு வரவு உண்டே’ என்று எத்தனை முறை நம்மைத் தேற்றிக்கொண்டோம்! அடுத்த பங்குப் பேரவையில் இதையே முதற்பொருளாக வைக்கிறோம்.

அன்புள்ள வாசகரே, தட்டில் பத்து ரூபாய் வையுங்கள். இயன்றால் அவர் கையிலேயே கொடுங்கள். ஆனால் உங்கள் கடையிலும் வீட்டிலும் உழைப்பவர்க்கு அவருக்குரிய கூலியை முதலில் எண்ணி வையுங்கள். அதன்பின் தருவதே அன்பளிப்பு.